பிடி விடாத ஃப்ளைவீல்

மார்ச் 8, 2025, சனி

காலையிலிருந்து காருக்கு அடியிலேயே கிடந்தேன். நாலரை மணிக்கு கியர் பாக்ஸ் ஜாக்கியில் இறங்கியது. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றியதும் கிளட்ச் பிளேட் தானாகவே கையில் விழுந்தது. லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்திருக்கிறது. ரிவெட் உரசி, இன்ஜின் முனையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு. நடுவே நாலைந்து இடத்தில் நீலம் பூத்திருக்கிறது, சூடேறிய அடையாளம். முதல் கியரில் வண்டி உதறியதற்குக் காரணம் கண்ணெதிரே.

புது பிளேட்டை இதன் மேல் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இதே வேலைதான். ஃப்ளைவீலைக் கழற்றி முகத்தைச் சீவி வாங்கியே ஆக வேண்டும். நாளைக்கு அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு கை கழுவினேன்.

மார்ச் 9, ஞாயிறு

அரை மணி நேரமாம்!

ஆறு போல்ட். ஸ்பானரைப் போட்டாலே இன்ஜின் சேர்ந்து சுற்றுகிறது. ஒரு பட்டை இரும்பை வளைத்து, ஒரு முனையை கியர் பாக்ஸ் போல்ட் துளையில் பூட்டி, மறுமுனையை ஃப்ளைவீல் ஓரத்து ரிங் கியர் பல்லுக்குள் மாட்டினேன். ஸ்பானருக்கு ஒரு நீளக் குழாயைச் செருகி அழுத்தியதும் ஒவ்வொன்றாக ‘டக்’ என்று விட்டது. மரைப் பசை போட்டு முடுக்கிய போல்ட்டுகள், விடும்போது அப்படித்தான் சத்தம் கொடுக்கும். நாலைக் கழற்றிவிட்டு, எதிரெதிரே இரண்டை மட்டும் நாலு சுற்று தளர்த்தி விட்டுவைத்தேன். வார்ப்பிரும்பு, 9 கிலோவாவது இருக்கும். திடீரென்று விட்டால் மார்பில்தான் விழும்.

விழவில்லை. அசையக்கூட இல்லை. ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் தட்டினேன். இன்ஜினைக் கால் சுற்று திருப்பி மறுபடி தட்டினேன். ஒரு மணி நேரம் தட்டியதில் ரப்பர்தான் சிதைந்தது.

அப்புறம் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சின்னக் கடப்பாரையை ஃப்ளைவீலுக்குப் பின்னால் விட்டு நெம்பினேன். ‘கிரீச்’ என்ற பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உட்காரும் அலுமினிய உறையில் விரல் நீளத்துக்குக் கீறல். நல்லவேளை, ஓரத்தில்தான். இன்னும் கொஞ்சம் உள்ளே பட்டிருந்தால் சீல் உட்காரும் இடமே போயிருக்கும்.

மார்ச் 10, திங்கள்

ராத்திரி மாமாவுக்கு போன் செய்தேன். லாரி பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர். கடப்பாரை என்ற சொல் வந்ததும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அதை முதல்ல தூரப் போடுடா. பின்னாடி என்ன இருக்குன்னு நினைச்சே?”

“சரி மாமா. அப்போ பெரிய சுத்தியலா எடுத்து அடிக்கட்டுமா?”

“அடிச்சா கிராங்க் தள்ளும்டா. அதைத் தாங்குறது ரெண்டு மெல்லிசு வாஷர்தான். உன் ஃப்ளைவீல் எங்கே பிடிச்சிருக்கு, அதைச் சொல்லு.”

எங்கே என்று நான் யோசிக்கவே இல்லை. போல்ட் எல்லாம் விட்ட பிறகும் பிடிப்பு இருப்பது இரண்டே இடத்தில். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு வட்டத் தோள் உண்டு, அதன் மேல் ஃப்ளைவீலின் நடுத்துளை மயிரிழை இடைவெளியில் உட்காரும். பக்கத்திலேயே ஒரு டவல் பின், இடம் மாறாமல் நிறுத்தும் சின்ன முளை. இந்த இரண்டிலும் துரு புகுந்துவிட்டால் ஒட்டவைத்த மாதிரிதான்.

“ஆயில் சீல் ஒழுகுதா?”

“இல்லை மாமா, சுத்தமா காய்ஞ்சிருக்கு.”

“அதான் வினை. கொஞ்சம் ஒழுகியிருந்தா துருவே பிடிச்சிருக்காது.”

இத்தனை வருஷம் ஒழுகவில்லை என்று பெருமைப்பட்டது இதற்குத்தான் போலிருக்கிறது.

மார்ச் 12, புதன்

இரண்டு நாளும் ராத்திரி வேலை முடிந்து வந்து, நடு விளிம்பைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெயை அடித்தேன். செங்குத்தாக நிற்கிற சாமான், பாதி எண்ணெய் கீழேதான் வழிகிறது. போல்ட் துளைகள் வழியாகவும் கொஞ்சம் விட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. கேஸ் டார்ச் கொண்டுவந்து சுடலாமா என்று ஆசை வந்தது. ஒரு விரல் தள்ளி ரப்பர் சீல், சுற்றிலும் எண்ணெய். வேண்டாம்.

“அந்தச் சனியன் இன்னும் கழலலையா?” என்று கேட்டுவிட்டு மனைவி விளக்கை அணைத்தாள்.

மார்ச் 15, சனி

இன்று முதலில் கம்பி பிரஷ்ஷை எடுத்தேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, அடிப்பதற்கு முன் எண்ணெய்ச் சேற்றைத் துடைக்கலாம் என்றுதான். ஆறு போல்ட் துளைகளுக்கு நடுவே, எதிரெதிராக இரண்டு சின்னக் குழிகள். போன வாரமே பார்த்தவைதான், சமன் செய்வதற்காகத் துளைத்த குழி என்று விட்டுவிட்டேன். கிளட்ச் தூசியும் துருவும் சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தன. ஊசியால் குத்தி எடுக்க எடுக்க உள்ளே மினுமினுவென்று மரை.

அட, தள்ளு போல்ட் போடும் துளை! இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துதான் செய்தவன் மரை வெட்டி வைத்திருக்கிறான். துளைக்குப் பின்னால் கிராங்க்கின் விளிம்பு. போல்ட்டை முடுக்கினால் அதன் நுனி விளிம்பில் முட்டி, ஃப்ளைவீல் வெளியே வந்தாக வேண்டும். எல்லா வண்டியிலும் இது இருக்காது. எனக்கு இருந்தும் ஒரு வாரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

மரை 8 மில்லிமீட்டர், 1.25 பிட்ச். கையாலேயே உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பானரைப் போட்டேன். டப்பாவில் கிடந்த சாதா போல்ட்தான். இரண்டு கால் சுற்றிலேயே தடுமாற்றம் தெரிந்து திருப்பி எடுத்தேன், ‘கீச் கீச்’ என்று மனசில்லாமல் வந்தது. நுனி காளான் குடை மாதிரி விரியத் தொடங்கியிருந்தது. இன்னும் அரைச் சுற்று போயிருந்தால் மரையைக் கிழிக்காமல் வெளியே வந்திருக்காது. தலையில் 10.9 என்று பொறித்த, உறுதி கூடிய இரண்டு போல்ட்டைத் தேடி எடுத்து, நுனியை அரத்தால் உருட்டி, கிரீஸ் தடவிப் போட்டேன்.

இதில் அவசரம் கூடாது. இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. ஒரு பக்கம் மட்டும் முந்தினால் ஃப்ளைவீல் சாய்ந்து தோளில் இன்னும் இறுகும். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு. மூன்றாவது முறை முடுக்கும்போது நடு விளிம்பிலிருந்து செந்தூள் கோடாகக் கொட்டியது. ஐந்தாவதில் டவல் பின் இல்லாத பக்கம் நகத்தின் கனம் திறந்தது, பின் பக்கம் அப்படியே. அங்கே மட்டும் எண்ணெய் விட்டு, திறந்த பக்கத்தின் போல்ட்டை நிறுத்திவிட்டு, மறுபக்கத்தை மட்டும் இம்மி இம்மியாக முடுக்கினேன்.

‘டங்!’

இன்ஜின் முழுக்க அதிர்ந்தது. விட்டுவைத்த இரண்டு போல்ட்டுகளில் ஃப்ளைவீல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கதவருகே மனைவி, “என்னங்க உடைஞ்சுது?” “ஒண்ணும் உடையலை!” என்று நான் கத்திய கத்தலில் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

கிராங்க்கின் தோளை நைசான எமெரி பேப்பரால் துடைத்தேன். தேய்க்கக் கூடாது, துரு போனால் போதும். சீலுக்குள் தூள் போகாமல் துணியைச் சுற்றிக்கொண்டேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சீலையும் மாற்றிவிட்டேன். கீறல் விழுந்த உறையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மார்ச் 22, சனி

ஃப்ளைவீல் முகம் சீவி வந்துவிட்டது. நீலமும் கோடும் போய் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. விரல் படாமல் பிரேக் கிளீனரால் கழுவினேன். தோளில் மட்டும் செப்பு கிரீஸை மெல்லிசாக ஒரு தடவல். ஃப்ளைவீலும் கிராங்க்கும் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் ஒரு துளியும் கூடாது, இஞ்சினின் இழுப்பெல்லாம் அந்தப் பிடிப்பின் வழியாகத்தான் போகிறது. போல்ட் ஆறும் புதுசு. இந்த வகை போல்ட் முடுக்கும்போதே நீளும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் எதிரெதிராக முடுக்கி, கையேட்டில் சொன்ன கோணத்துக்குக் கடைசியாக ஒரு திருப்பு.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துவது, கியர் பாக்ஸை ஏற்றுவது எல்லாம் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. முதுகு மட்டும் வலி.

மார்ச் 23, ஞாயிறு

கிளட்ச் கேபிளைச் சரிசெய்து வண்டியை வெளியே எடுத்தேன். முதல் கியரில் உதறல் இல்லை. பெடல் முன்பைவிட ரொம்பக் கீழேயே பிடிக்கிறது. தேய்ந்த கிளட்சுக்குப் பழகிய கால் அது தெரியாமல் மேலே வரை விட்டுவிட, வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இஞ்சின் அணைந்தது. பக்கத்து சீட்டில் மனைவி. ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.