பிள்ளைக்கு ஒரு பெயர், தகப்பனுக்கு ஒரு பெயர்

"இவன் உங்கள் பிள்ளைதானா? கடைசிப் பெயர் ஒத்துப்போகவில்லையே." அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரப் பள்ளிகளில், தென் சூடானிலிருந்து வந்த நுவேர் இனத் தகப்பன்மார் கேட்டுப் புண்பட்ட கேள்வி இது.

அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இந்தச் சங்கடம் தெரியும். நுவேரில் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசை. தகப்பன் கட்குவோத் துட் டெங் என்றால் மகன் கட்லுவாக் கட்குவோத் துட். படிவம் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். தகப்பன் டெங், மகன் துட். தாயும் தன் தகப்பன் வழிப் பெயரோடே இருப்பதால் ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். பிறந்த நாளோ பலருக்கும் ஜனவரி 1, அகதி முகாம் பதிவில் விழுந்த தேதி.

'கட்' என்றால் மகன், 'நியா' மகள். வகுப்பில் பெண்பிள்ளைகளின் பெயரைச் சுருக்கி 'நியா' என்றால், வெறும் 'மகளே' என்று கூப்பிட்டதாகிவிடும். குவோத் என்பது கடவுள். அதன் கடைசி ஒலி அப்படியே நம் 'த்'. ஆங்கில நாக்கு அதைப் பல்லிடுக்கில் காற்றாக்கிவிடுகிறது. மூச்சு கலந்த உயிரொலிக்கு எழுத்தின் கீழே கோடு போட வேண்டும். சாதாரணக் கைபேசி விசைப்பலகையில் அது இல்லாததால் கோடும் போய்விடுகிறது.

பெயரைச் சரிசெய்யக் குடியுரிமை விண்ணப்பமே நல்ல தருணம். பெயர் மாற்றக் கேட்கும் இடம் அதிலேயே உண்டு, தனிக் கட்டணம் இல்லை. உறுதிமொழியை மட்டும் நீதிபதி முன் எடுக்க வேண்டும். தவறவிட்டால் மாநில நீதிமன்றத்தில் பணம் கட்டி மனுப்போட வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை பெற்றோர் வழியே குடிமகனாவதால் அவன் பெயர் இதில் மாறாது. ஆகவே பிள்ளையின் கடைசிப் பெயரைத் தகப்பன் எடுத்துக்கொள்வதே வழி. பிறகு புதுப் பெயரை முதலில் சோஷியல் செக்யூரிட்டி என்ற சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதன்பின் ஓட்டுநர் உரிமத்தில். வரிசை மாற்றிப் போனால் பதிவு பொருந்தாமல் திருப்பி அனுப்புவார்கள்.

எல்லா அட்டையிலும் துட். வீடு ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டது. ஆனால் டெங் தாத்தா தாளிலிருந்து விழுந்துவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் "யார் மகன்?" என்று கேட்டால் டெங்கையும் அவருக்கு மேலே உள்ளவர்களையும் சேர்த்து அடுக்கியாக வேண்டும்.

எந்தப் படிவத்திலும் ஏறாத பெயர் ஒன்றும் உண்டு. ஊரில் நெற்றியில் ஆறு கோடு கீறிக்கொண்ட இளைஞனுக்குத் தகப்பன் ஓர் எருது கொடுப்பார். அதன் நிறமும் கொம்பும் பார்த்து அவனுக்கு இன்னொரு பெயர். நடனத்தில் தோழர்கள் அதைச் சொல்லித்தான் கூவுவார்கள். அப்படிப் பெயர் பெற்றவர்கள் பலருக்கு நெப்ராஸ்காவில் கிடைத்த வேலை இறைச்சி ஆலையில். அங்கே மாடுகள் வரிசையாக வரும், பெயரில்லாமல்.