அபூர்வக் கார், இரவல் என்ஜின்

தார்ப்பாயை விலக்கினால் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கார். எல்லோரும் முதலில் கேட்பது, "இது என்ன கார், மொத்தம் எத்தனை செய்தார்கள்?" என்றுதான். ஆனால் அந்த வண்டி மறுபடி ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்யும் கேள்வி வேறு: உள்ளே இருப்பது யார் வீட்டு என்ஜின்?

சிறு நிறுவனங்களால் பாடியை வரையவும் சேஸிஸைப் பற்றவைக்கவும் முடிந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், விளக்கு எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய யாரிடமும் பணமில்லை. அதனால் பெரிய நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்தினார்கள். 1960களின் பிரிட்டிஷ் கார் கார்டன்-கீபிள் நூறை ஒட்டித்தான் தயாரானது. கண்ணாடியிழை பாடி, மூக்கில் ஆமைச் சின்னம். இவ்வளவு அரிதான வண்டிக்குள் இருப்பதோ செவ்ரலேயின் 327 கன அங்குல வி8. பிஸ்டன் ரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப் எல்லாம் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. இத்தாலியின் ஆரம்ப கால ஈசோ கிரிஃபோக்களிலும் அதே குடும்பத்து என்ஜின்தான். தண்ணீரிலும் ஓடும் ஆம்ஃபிகாரில் டிரையம்ஃப் ஹெரால்டின் 1147 சிசி என்ஜின். முதல் லோட்டஸ் யூரோப்பாவில் ரெனோ 16-இன் என்ஜினும் கியர்பாக்ஸும். மாத்ரா 530-இல் ஃபோர்டின் வி4.

எதிர்ப்பக்கத்துக்கு நல்ல உதாரணம் பிரான்சின் ஃபாசெல் வேகா. அவர்களின் பெரிய கார் எச்கே500-இல் கிரைஸ்லர் வி8. அதை எவரும் பிரித்துப் பூட்டலாம். சிறிய ஃபாசெலியாவுக்கு மட்டும் தனக்கென்று 1.6 லிட்டர் இரட்டை கேம் என்ஜினைச் செய்யவைத்தார்கள். பிஸ்டன்கள் தொடர்ந்து பழுதாயின, வாரண்டிச் செலவு நிறுவனத்தையே இழுத்துப்போட்டது. 1963-இல் வால்வோவின் பி18 என்ஜினைப் பொருத்தி ஃபாசெல் 3 என்று வெளியிட்டார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது, 1964-இல் கதவை மூடினார்கள். ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் ஒரு ஃபாசெலியாவும் ஒரு ஃபாசெல் 3-உம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், ஓட்ட நினைப்பவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அலங்காரமாக நிறுத்தி வைப்பவருக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

ஜெர்மனியின் என்எஸ்யு ஆர்ஓ80-இன் கதையும் இதே ரகம். 1967-இல் வந்தது, மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் வான்கெல் ரோட்டரி என்ஜின், அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது. ரோட்டரின் முனை சீல்கள் சீக்கிரம் தேய்ந்ததால் பல உரிமையாளர்கள் ரோட்டரியைக் கழற்றிவிட்டு ஃபோர்டு வி4-ஐ உட்காரவைத்தார்கள். எனவே ஆர்ஓ80 கண்ணில் பட்டதும் பானெட்டைத் திறந்து பாருங்கள். அதே ரோட்டரி வகை என்ஜின் கொண்ட சிட்ரோயன் ஜிஎஸ் பிரோட்டர் இன்னும் ஒரு படி மேலே. நிறுவனமே விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்கி நசுக்கியது, ஸ்பேர் தரும் பொறுப்பைத் தவிர்ப்பதற்காக. தப்பியவை மட்டுமே இன்று மிச்சம்.

சரி, முன்னால் நிற்பது என்ன வண்டி என்றே தெரியவில்லை என்றால்? சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். 17 எழுத்து-எண் கொண்ட விஐஎன் (வண்டியின் அடையாள எண்) 1981-இலிருந்துதான் அமெரிக்காவில் கட்டாயம். அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வந்திருந்தால் யாரோ தப்பாகப் படித்திருக்கிறார்கள், அல்லது யாரோ போலியாகக் குத்தியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை. தகட்டில் இருக்கும் எண்ணையும் சேஸிஸில் நேரடியாகக் குத்தியிருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ரிவெட் அடித்த தகட்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. துருவுக்கு அடியில் எண் மறைந்திருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குத்தின் நிழல் தெரியும்.

அடுத்தது வார்ப்பில் இருக்கும் தேதி. அந்தக் காலத்து செவ்ரலே பிளாக்கின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பை ஒட்டி, சி 12 6 என்பது போல மேடாக வார்த்திருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். நடுவில் நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். அதாவது மார்ச் 12. ஆண்டு 1966-ஆ 1976-ஆ என்பதை பிளாக்கிலேயே உள்ள வார்ப்பு எண்ணை வைத்துத்தான் பிரிக்க முடியும். பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூகாஸின் டிஸ்ட்ரிபியூட்டரிலும் டைனமோவிலும் இதுபோல தேதிக்குத்து இருக்கும். பாகங்களின் தேதி வண்டி தயாரான தேதிக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தி இருப்பது இயல்பு. பிந்தி இருந்தால் அந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டது.

விளக்குக் கண்ணாடியில் வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 5 ஸ்வீடன், 11 பிரிட்டன். இது அந்தப் பாகத்துக்கு ஒப்புதல் தந்த நாடு, செய்த நாடு அல்ல. காரின் பிறப்பிடத்தை இதை மட்டும் வைத்துச் சொன்னால் வழுக்கி விழுவீர்கள். ஆனால் அந்த டெயில் லைட் வேறு எந்தக் காரிலிருந்து வந்தது என்று தேட இதைவிட நல்ல நூல்பிடி இல்லை. ஜாகுவார் எக்ஸ்ஜே220-இன் டெயில் லைட் ரோவர் 200-உடையது. ஆஸ்டன் மார்ட்டின் விராஜுக்கு ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோவிடமிருந்து. முதல் லோட்டஸ் எஸ்பிரிக்கு ஃபியட் எக்ஸ்1/9-இலிருந்து. மோரிஸ் மரீனாவின் கதவுக் கைப்பிடி எஸ்பிரிக்கும் டிரையம்ஃப் டிஆர்7-க்கும் போனது, பிறகு லேண்ட் ரோவர் டிஸ்கவரி வரை ஒரு சுற்றுச் சுற்றியது. அதே கைப்பிடியை 'அபூர்வ எஸ்பிரி பாகம்' என்று விற்பவர்கள் உண்டு.

இரவல் வாங்காதவை எவை என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், வண்டியின் உண்மையான செலவு அதில்தான் இருக்கிறது. முதலிடம் முன் கண்ணாடிக்கு. என்ஜின் இல்லாத அபூர்வக் காரை வாங்கலாம். வளைவான முன் கண்ணாடி உடைந்து, அது வேறெந்த வண்டியுடனும் பொருந்தாது என்றால் நான் தொடமாட்டேன். அடுத்தது கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், பிறகு குரோம் பட்டைகள், கதவின் உட்புறப் பொறிகள்.

பாடி எதனால் ஆனது என்பதற்கு ஒரு காந்தம் போதும். கண்ணாடியிழை என்றால் துருக் கவலை தீர்ந்தது என்று நினைப்பது பெரிய தப்பு. அடியில் இருக்கும் இரும்புச் சேஸிஸ் கண்ணுக்குத் தெரியாமல் தின்னப்பட்டிருக்கும். டிராபன்ட்டின் டூரோபிளாஸ்ட் பலகைகள் அழியாது, அவற்றைத் தாங்கும் இரும்புக் கூடு அழியும். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். மிலானின் டூரிங் நிறுவனம் மெல்லிய இரும்புக் குழாய்கள்மேல் அலுமினியத் தகடு போர்த்திய கார்களில் இதைக் கதவு விளிம்பிலும் சக்கர வளைவிலும் பார்க்க வேண்டும். பிரிக்லின் எஸ்வி-1-இல் வேறு மாதிரிச் சிக்கல். கண்ணாடியிழைமேல் நிறம் கலந்த அக்ரிலிக்கை ஒட்டினார்கள். வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் மேல் அடுக்கு விரிசல் விடும். பெயிண்ட் அடித்து மூடிய விரிசல் திரும்ப வரும். (எஸ்வி-1-இல் 1974 வண்டிக்கு ஏஎம்சி 360, 1975-க்கு ஃபோர்டு 351, ஸ்பேர் கேட்கும் முன் ஆண்டைப் பாருங்கள்.)

இனி, நீண்ட காலம் நின்ற வண்டியை எழுப்புவது. சாவியைத் திருப்பாதீர்கள். வண்டியை இழுத்து கியரில் போட்டு ஸ்டார்ட் செய்யும் யோசனை யாராவது சொன்னால், அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

பழைய பேட்டரியைக் கழற்றுங்கள். புதியதைப் போடும் முன் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாடியோடு சேர்வது எந்த முனை என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை மாட்டினால் ரேடியோ முதல் பலி.

பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்ற வரிசை கலையாமல் வையுங்கள். ஒன்று மட்டும் துருப்பிடித்திருந்தால் அந்த சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றிருக்கிறது, ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் 10 முதல் 15 மில்லி மெல்லிய ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் கப்பியின் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் கால் சுற்று. இறுகினால் நிறுத்திவிடுங்கள். ஜாம் ஆன என்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும், ஆவி போகக் கதவைத் திறந்து வையுங்கள். நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி அழுத்தினால் போல்ட் முறியும், அல்லது ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். புஷ்ராட் (வால்வை இயக்கும் தள்ளுகோல்) உள்ள என்ஜினில் மேலே இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றி, ஒருவர் மெதுவாகச் சுற்ற, இன்னொருவர் ஒவ்வொரு வால்வும் கீழே போய்த் திரும்பி மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். தன் வழிகாட்டிக் குழாயில் (வால்வு கைடு) ஒட்டிக்கொண்ட வால்வு திரும்பாது. அடுத்த சுற்றில் புஷ்ராட் நழுவி வளையும். சாவியைப் போட்டிருந்தால் இது ஒரே நொடியில் நடந்து முடிந்திருக்கும். கேம்ஷாஃப்ட்டை ரப்பர் பல் பெல்ட் ஓட்டும் என்ஜின் என்றால், பெல்ட் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1004 மாடலில் இந்தப் பெல்ட்டை முதன்முதலாக உற்பத்திக் காரில் கொண்டுவந்தது. பிறகு பிஎம்டபிள்யூ அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தனிக் கணக்கு. அவற்றுக்கு ஆயில் தேங்கும் சம்ப் கிடையாது, அதனால் நின்றுபோன வண்டியில் கிராங்க் பேரிங்குகள் காய்ந்து துருப்பிடிக்கும். கிராங்க் முனை சீல்களும் விறைத்துப்போகும். அந்த வழியாகக் காற்று இழுத்தால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனவுடன் என்ஜின் தானாக வேகமெடுத்தால் காரணம் கார்புரேட்டர் அல்ல, பெரும்பாலும் இந்த சீல்தான். டிராபன்ட் பி601-இல் 1974 வரை 33-க்கு 1, அதன்பின் 50-க்கு 1 என்ற விகிதத்தில் பெட்ரோலில் ஆயில் கலந்தார்கள்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, தனி கேனிலிருந்து புதிய ஹோஸ் வழியாக எரிபொருள் கொடுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகு பிளக்கை மாட்டுங்கள்.

பிரேக்கில் ரப்பர் ஹோஸ்தான் ஏமாற்றும். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. எல்லா ஹோஸையும் மாற்றுங்கள். சஸ்பென்ஷனும் பிரேக்கும் திரவ அழுத்தத்தில் இயங்கும் சிட்ரோயனின் ஹைட்ராலிக் வண்டி என்றால் அதற்கு முன் திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். 1966-இல் அவர்கள் பழைய எல்எச்எஸ் திரவத்தை விட்டுப் பச்சை நிற எல்எச்எம்-க்கு மாறினார்கள். இது தாது எண்ணெய், அந்த அமைப்பின் பாகங்களுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருப்பார்கள். பச்சை அமைப்பில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் எல்லாம் கெடும். பழைய அமைப்பில் பச்சையை ஊற்றினாலும் அதே கதிதான். திரவ டேங்க் மூடிக்கு அடியில் பச்சையும் சிவப்பும் கலந்த சேறு தெரிந்தால், முன்பு யாரோ அந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். அந்த வண்டியின் பம்ப், ஸ்பியர் (ஸ்பிரிங்குக்குப் பதிலான வாயு உருண்டை), வால்வு அத்தனையையும் பிரித்துச் சீல் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.