94-லேயே நின்ற இணையம்: 2,500 ரூபாய்க்குள் ஒரு ரவுட்டர் வாங்கிய கதை

எங்கள் வீடு மதுரை திருநகரில் இருக்கிறது. அப்பா கட்டிய பழைய வீடு. சுவரெல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல். பின்னறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கும் காலண்டர்களுக்கும் பக்கம் வடிவமைப்பதுதான் என் தொழில். முடித்த கோப்புகள் சிவகாசிக்குப் போகும். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது அங்கே வழக்கம். அதனால் ஆனி மாதக் கடைசியில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு கோப்பு ஒன்றரை ஜிபி வரை வரும். அனுப்பும்போது பாதியில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அச்சகத்தில் தட்டு போடுபவர் கைகட்டிக் காத்திருப்பார்.

இந்த ஆண்டு அதற்கு முன்பே என் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) இணையத் திட்டத்தை 200-க்கு மாற்றிக்கொண்டேன். பணம் கட்டிய அன்றே வேகத்தைச் சோதித்துப் பார்த்தேன். 94. மறுநாள் காலையிலும் 94. நள்ளிரவில் எழுந்து பார்த்தாலும் 94. இணையத்தை வீட்டுக்குள் வைஃபையாகப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு நேராக வயர் செருகினாலும் அதே எண். கூட்டம் அதிகமாகி வேகம் குறைந்தால் எண் ஏறி இறங்கும். இது ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நின்றது. இணையம் கொடுப்பவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றே முடிவு கட்டி, கோபத்தோடு தொலைபேசியில் பேசினேன்.

லைன் பார்க்கும் தம்பி வந்தார். என்னுடன் வாதாடவில்லை. வெளியிலிருந்து வரும் இணைய இழை வந்து சேரும் பெட்டியான ஃபைபர் மோடம் வராந்தாவில் இருக்கிறது. அதிலிருந்து என் ரவுட்டருக்குப் போகும் வயரைக் கழற்றினார். தன் பையிலிருந்து வேறொரு வயரை எடுத்து, மோடத்தின் முதல் போர்ட்டில் (வயர் செருகும் துளை) ஒரு முனையையும் என் மடிக்கணினியில் மறு முனையையும் செருகினார். 196 காட்டியது. "இணையம் உங்கள் வாசல் வரை வந்துவிட்டது அக்கா. உள்ளே போகும் வழிதான் குறுகல்" என்றார்.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். போன ஆண்டுதான் வாங்கியது. பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் 1200 என்று இருந்தது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், போர்ட் 10/100 என்று இருந்தது. அதாவது வயர் வழியே அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ்தான். வாங்கும்போது அந்த வரியை நான் படிக்கவே இல்லை.

இப்படி 100 எம்பிபிஎஸ் வரை மட்டும் போகும் போர்ட்டின் பெயர் 'ஃபாஸ்ட் ஈதர்நெட்'. 1995-ல் வந்த தரம் அது. அந்தக் காலத்தில் 100 எம்பிபிஎஸ் என்பது பெரிய வேகம். பெயரில் வேகம் இருப்பதால் இன்றைக்கும் அதை வேகமானது என்று நம்பி வாங்குகிறோம். அந்த 100-லும் முழுதாக நமக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று உறை போடுவதில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது சுமார் 94. ஆகவே 200, 300 என்று திட்டம் எடுத்திருக்கும் வீட்டில் சோதனை எண் 93, 94 என்று அசையாமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் 100 எம்பிபிஎஸ் போர்ட்டையோ வயரையோதான். நான் அநியாயமாக ஒருவரைத் திட்டிவிட்டேன். அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெட்டியில் இருந்த 1200-ஐயும் சொல்லிவிடுகிறேன். இந்த ரவுட்டரின் வைஃபைக்கு இரண்டு அலைவரிசை: 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, இரண்டையும் கூட்டி மேலே தள்ளிப் போட்ட எண் அது. வழக்கமாக ஒரு கருவி ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இணையும். அந்த 867-ம் இரண்டு ஆன்டெனா உள்ள மடிக்கணினிக்கான கணக்கு. ஒற்றை ஆன்டெனா உள்ள மலிவு போனுக்கு 433. அதிலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து ரவுட்டர் வாங்கவே கூடாது.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் முதலில் எடுத்து வைத்தது 300 என்று போட்ட, 2.4 மட்டும் உள்ள ரவுட்டர். அதை ஒதுக்கினேன். அடுத்து "இது 5ஜி ரவுட்டர்" என்று ஒன்றைக் காட்டினார். அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிம் போட்டு ஓட்டும் 5ஜி கருவியே வேறு.

கடைசியில் நான் வாங்கியது டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6. ஐந்து போர்ட்டும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். பெட்டியின் பின்னால் 10/100/1000 என்று இருந்த அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். 2,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. அதே அலமாரியில், அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50 இன்னும் குறைந்த விலைக்கு இருந்தது. அதிலும் 1200 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் போர்ட்டெல்லாம் 100. திட்டமே 50, 75 என்று இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும். 200 வாங்குபவர்களுக்கு ஆகாது. வெளியே நான்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தால் நான்கு மடங்கு வீச்சு என்று பொருள் இல்லை. அதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்த தலைமுறையான வைஃபை 6 வாங்கலாமா என்று கடையில் வெகுநேரம் நின்று யோசித்தேன். என் மடிக்கணினியும் வீட்டிலுள்ள இரண்டு போன்களும் பழைய வைஃபை 5 வகை. ரவுட்டர் 6 ஆக இருந்தாலும் அவை 5-ல்தான் பேசும். புதிய கருவிகள் பத்துப் பன்னிரண்டு உள்ள வீட்டில் 6 நிச்சயம் பயன் தரும். அதன் பெரிய பலமே பல கருவிகளை ஒரே நேரத்தில் கவனிப்பதுதான். எனக்கு அது அடுத்த மடிக்கணினியோடு வரட்டும்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றும் பாருங்கள். பல வீடுகளில் ஃபைபர் மோடத்திலேயே இரண்டு அலைவரிசை வைஃபையும் கிகாபிட் போர்ட்டும் இருக்கிறது. அப்படியிருந்தால் அதை நல்ல இடத்துக்கு நகர்த்தினாலே போதும், காசு மிச்சம். எங்கள் மோடத்தில் வைஃபை 2.4 மட்டும்தான்; முதல் போர்ட் மட்டுமே கிகாபிட், மற்றவை 100. அதனால்தான் அந்தத் தம்பி சரியாக முதல் போர்ட்டில் செருகியிருக்கிறார்.

புதிய ரவுட்டரை மாட்டினேன். முதலில் இணையமே வரவில்லை. பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, இணையம் கொடுப்பவர்கள் தங்கள் தரப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். தொலைபேசியில் சொன்னதும் விடுவித்தார்கள். இணைய இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு சோதித்தேன்.

94.

என் வயிறு கலங்கிவிட்டது. கிகாபிட் போர்ட்டுக்குக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று? தம்பியையே மறுபடி கூப்பிட்டேன். அவர் ரவுட்டரைத் தொடவே இல்லை. வராந்தாவிலிருந்து உள்ளே வரும் பழைய வயரின் முனையை வெளிச்சத்தில் பிடித்து, "எண்ணிப் பாருங்கள் அக்கா" என்றார். அந்தக் கண்ணாடி போன்ற சின்னத் தலைக்குள் எட்டுக் கம்பிக்கு இடம் இருக்கிறது. அதில் நான்குதான் இருந்தன: ஆரஞ்சு, ஆரஞ்சு வெள்ளை, பச்சை, பச்சை வெள்ளை. நீலமும் பழுப்பும் உறையோடு ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும் என்பதால், எப்போதோ யாரோ வேலையைச் சீக்கிரம் முடிக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும்.

அவர் வயரின் உறையைச் சீவி, எட்டுக் கம்பிகளையும் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வரிசையாக அடுக்கினார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. நுனியை ஒரே வெட்டாக வெட்டி, தலைக்குள் நுழைத்து, கிரிம்பிங் இடுக்கியால் அழுத்தினார். இரண்டு முனைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். வயர் கேட் 5இ என்ற சாதாரணத் தரம்தான். அதுவே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். சோதித்தேன். 195.

அடுத்தது இடம். பழைய ரவுட்டர் வராந்தா மூலையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரும்பு, கண்ணாடி, தண்ணீர், தடித்த சுவர் எல்லாமே வைஃபைக்கு எதிரி. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது 2.4-ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அங்கே எப்போதும் நெரிசல்: ஒன்றின்மேல் ஒன்று ஏறாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மாலையில் என் போனில் தேடியபோது அக்கம்பக்கத்து வைஃபை மட்டும் 17 தெரிந்தது. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. வயரை நீட்டி, ரவுட்டரைக் கூடத்தின் நடுவில், தலை உயரத்துக்கு மேல் ஒரு பலகை அடித்து வைத்தேன். பின்னறைக்கும் அதற்கும் இடையே இப்போது ஒரே சுவர். 5-க்கும் 2.4-க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, மடிக்கணினியை 5-ல் மட்டும் சேர்த்தேன். பின்னறையில் 160-க்குக் குறைவதில்லை. முன்பு 2.4-ல் மாலை நேரத்தில் 10-க்கு இறங்கியபோது, ஒன்றரை ஜிபி கோப்புக்கு 20 நிமிடம் பிடித்தது. இப்போது ஒன்றேகால் நிமிடம்.

மின்தடைக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்தேன். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இரண்டுக்குமே மின்சாரம் வேண்டும், அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கேற்ப வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுதும் அது தாங்காது. ஒரு கோப்பை அனுப்பி முடிக்கும் வரை தாங்கினால் எனக்குப் போதும்.

மேல் வீட்டு அக்காவும் போன மாதம் 200 திட்டத்துக்கு மாறியிருக்கிறார். புது ரவுட்டர் எது வாங்கலாம் என்று நேற்று மாடிப்படியில் கேட்டார். எவ்வளவு வேகம் வருகிறது என்று கேட்டேன். 94 என்றார். வாங்க வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையில் போய் முதலில் அவர் வீட்டு வயரின் முனையைப் பார்க்க வேண்டும்.