ஆர்என்ஏ படிகம்: சொட்டு வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்

மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ்ரேயால் அறிய அதைப் படிகமாக்க வேண்டும். புரதத்தைப் படிகமாக்கிப் பழகியவர்கள் ஆர்என்ஏ பக்கம் வந்ததும் செய்கிற முதல் வேலை, நூற்றுக்கணக்கான கரைசல்களில் சொட்டு வைத்து (ஒவ்வொன்றோடும் ஒரு துளி கலந்து) படிகம் வருகிறதா என்று பார்ப்பது. பலன் குறைவு. ஆர்என்ஏவின் மேற்பரப்பு முழுக்க எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். இந்த நிலையில் மூலக்கூறுகள் நீளத்திலோ மடிப்பிலோ கொஞ்சம் வேறுபட்டாலும் படிகத்தின் அடுக்கு குலைந்துவிடும்.

நீளம் கெடுவது டிரான்ஸ்கிரிப்ஷனில், அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏவை உருவாக்கும் கட்டத்தில். அதைச் செய்யும் டி7 பாலிமரேஸ் என்சைம், டெம்ப்ளேட் (அச்சாக வைக்கும் டிஎன்ஏ இழை) தீர்ந்த இடத்தில் ஒழுங்காக நிற்காது. 3' முனையில் ஒன்றிரண்டு நியூக்ளியோடைடை, அதாவது ஆர்என்ஏ சங்கிலியின் கண்ணிகளை, தன்னிஷ்டத்துக்குச் சேர்த்துவிடும். 30 நீளம் என்றால் ஜெல்லில் பிரித்துவிடலாம். 100-ஐயும் 101-ஐயும் பிரிப்பது பெரும்பாடு. டெம்ப்ளேட் இழையின் 5' முனையிலுள்ள இரண்டு நியூக்ளியோடைடுகளுக்கு 2'-ஓ-மெத்தில் என்ற வேதி மாற்றம் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நீண்ட ஆர்என்ஏ என்றால் கடைசியில் எச்டிவி ரைபோசைமை (ஹெபடைடிஸ் டி வைரஸின், என்சைம் போல வேலை செய்யும் ஆர்என்ஏ) சேர்த்து, அதுவே தன்னை வெட்டிக்கொள்ள விடுங்கள். வெட்டிய முனையில் 2',3'-வளைய பாஸ்பேட் நிற்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிறகு லைகேஷன் (ஆர்என்ஏ துண்டுகளை ஒட்டுவது) செய்யும் எண்ணமிருந்தால் அதை நீக்கியாக வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ஷன் வினைக்கு 40 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 8), 25 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, நான்கு என்டிபிகள் (ஆர்என்ஏ கட்டும் மூலப்பொருள்கள்) ஒவ்வொன்றும் 4 மில்லிமோலார், 2 மில்லிமோலார் ஸ்பெர்மிடின், 10 மில்லிமோலார் டிடிடி. 37 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம். என்டிபி மொத்தம் 16 மில்லிமோலார் ஆகிறது. அது மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால்தான் 25. ஐஸில் வைத்துக் கலக்காதீர்கள், குளிரில் ஸ்பெர்மிடின் டிஎன்ஏவை வீழ்படிவாக்கிவிடும். வெள்ளையாகக் கலங்கினால் பயம் வேண்டாம், மெக்னீசியம் பைரோபாஸ்பேட்தான்; மெக்னீசியத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ விட்டால் தெளிந்துவிடும்.

யூரியா ஜெல்லில் பட்டையை 254 நானோமீட்டர் ஒளியில் நிழலாகப் பார்க்கிறோம். சில விநாடிகளில் கோடு போட்டு விளக்கை அணையுங்கள். ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒளியே ஆர்என்ஏவைக் கெடுக்கும். ஜெல்லிலிருந்து 0.3 மோலார் சோடியம் அசிடேட்டில் ஊறவைத்து எடுத்தபின், சுழற்சி வடிகட்டியில் 1 மோலார் பொட்டாசியம் குளோரைடால் ஒருமுறை கழுவி, அப்புறம் பஃபருக்கு மாற்றுவது நல்லது.

அடுத்தது மடிப்பு. பலர் அவசரப்படும் இடம் இதுதான். மெக்னீசியம் இல்லாத பஃபரில், சில மைக்ரோமோலார் செறிவில், 90 டிகிரியில் ஓரிரு நிமிடம் சூடாக்கி ஐஸில் வையுங்கள். குளிர்ந்தபின் மெக்னீசியம், அதற்கும் பின்னால்தான் செறிவூட்டல். கொதிசூட்டில் மெக்னீசியம் இருந்தால் சங்கிலி அறுபடும். செறிவு அதிகமாக இருக்கும்போது மடித்தால், ஹேர்பின் (தன்மேலேயே மடியும் இழை) தன்னோடு இணைவதற்குப் பதில் பக்கத்திலிருப்பதோடு இணைந்துவிடும். யுயுசிஜி என்ற எழுத்து வரிசையாலான வளையம் கொண்ட 12 நியூக்ளியோடைடு ஹேர்பின் ஒன்று, 1991-இல் வெளியான படிக அமைப்பில் இரட்டை இழையாகத்தான் இருந்தது! மெக்னீசியம் கலந்த நேட்டிவ் ஜெல்லில் (மடிப்பைக் குலைக்காத ஜெல்) ஒரே பட்டை வருகிறதா பாருங்கள். இரண்டு வந்தால் சொட்டு வைக்காதீர்கள்.

சொட்டு வைப்பது எளிது: 0.2 முதல் 0.5 மில்லிமோலார் ஆர்என்ஏ 1 மைக்ரோலிட்டர், கரைசல் 1 மைக்ரோலிட்டர். கரைசலில் இருக்க வேண்டியவை: எம்பிடி (ஒருவகை ஆல்கஹால்), மெக்னீசியம், ஸ்பெர்மின், பி.எச். 6 முதல் 7 வரை ககோடிலேட். ககோடிலேட்டில் ஆர்சனிக் உண்டு. கையுறையும் தனிக் கழிவுப் புட்டியும் கட்டாயம். படிகம் தெரிந்ததும் ஊசியால் குத்திப் பாருங்கள். படீரென உடைந்தால் உப்பாக இருக்கலாம். ஆர்என்ஏ படிகம் மெத்தென நொறுங்கும். சந்தேகமிருந்தால் ஒன்றைக் கழுவிக் கரைத்து ஜெல்லில் ஓட்டுங்கள், இழை அறுந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே சிதறல் மோசமென்றால் கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஆர்என்ஏவை மாற்றுங்கள். செயலுக்குத் தேவையில்லாத தண்டில் (இழை இரட்டையாக இணைந்த பகுதி) ஒரு கார இணையைக் கூட்டினால் நீளம் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் கூடும், முனையும் 33 டிகிரி அளவு திரும்பும், அடுக்கே மாறிவிடும். தண்டின் முனை வளையத்தை ஜிஏஏஏ வரிசை ஆக்கிப் பார்க்கலாம். அல்லது யு1ஏ புரதம் ஒட்டும் வளையத்தை வைக்கலாம். 1998-இல் எச்டிவி ரைபோசைமின் அமைப்பு இந்த வழியில்தான் கிடைத்தது. யு1ஏவில் செலினியம் உள்ள அமினோ அமிலமான செலினோமெத்தியோனின் சேர்த்துவிட்டால் ஃபேஸுக்கும் (சிதறலிலிருந்து வடிவத்தைக் கணக்கிடத் தேவையான தகவல்) அதுவே போதும். புரதம் வேண்டாமென்றால், தண்டில் அடுத்தடுத்து இரண்டு ஜி-யு இணைகளை வைத்து, படிகத்தைக் கோபால்ட் அல்லது இரிடியம் ஹெக்ஸமின் (ஆறு அம்மோனியா சூழ்ந்த உலோகம்) கரைசலில் ஊறவைக்கலாம். நீர் சூழ்ந்த மெக்னீசியம் உட்காரும் இடத்துக்கே ஹெக்ஸமினும் போட்டியிடுவதால், ஊறவைக்கும் கரைசலில் மெக்னீசியத்தைப் படிகம் தாங்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.