1,400 வீடுகளுக்கு 512 முகவரிகள்

கொளத்தூரில் நாங்கள் நடத்துவது ஒரு சின்ன இன்டர்நெட் நிறுவனம். கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்த அதே தெருக்களில் பிற்பாடு ஃபைபர் இழுத்தோம். 2022 தொடக்கத்தில் 1,400 வீடுகள் சேர்ந்திருந்தன. அத்தனை வீட்டுக்குமாக எங்களிடம் இருந்தவை 32 பப்ளிக் ஐபி முகவரிகள், அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை வெளியுலகுக்கு அடையாளம் காட்டும் எண்கள். அவையும் எங்களுடையவை அல்ல, மேலிருந்து லைன் கொடுத்த நிறுவனம் இரவலாகத் தந்தவை. சர்வர், ரௌட்டர் என்று 8 போய்விடும். மிச்சம் 24. ஒரு முகவரிக்குப் பின்னால் ஏறக்குறைய 60 வீடுகள்.

அறுபது வீடு ஒரே முகவரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஆபீஸ் போன்தான் சொல்லும். ஏதோ ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஸ்பாம் அனுப்பினால், மற்ற 59 வீடும் சேர்ந்தே கறுப்புப் பட்டியலுக்குப் போகும். பக்கத்துத் தெரு ஆடிட்டர், "சார், எந்த சைட்டுக்குப் போனாலும் நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்கச் சொல்லுது, மார்ச் மாசத்துல இதுக்கு ஏது நேரம்?" என்றார். இன்னொரு அம்மா, "தம்பி, காசு போட்டு கேமரா மாட்டினேன், கோயமுத்தூர்ல இருக்கற பையனுக்கு வாசல் தெரியவே மாட்டேங்குது" என்று வருத்தப்பட்டார். முகவரியைப் பங்கு போடும் இடத்தில் வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புக்கு வழியே கிடையாது. அவர் வீட்டு கேமராவில் ஒரு குறையும் இல்லை.

லைன் கொடுத்த நிறுவனம் கட்டணத்தை ஏற்றியபோதுதான் முழு நிலைமையும் புரிந்தது. அவர்களை விட்டுப் போனால் 32 முகவரிகளையும் திருப்பித் தர வேண்டும். சொந்த முகவரி இல்லாதவன் சொந்தமாக முடிவெடுக்க முடியாது. சரி, சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தம் இருப்பது சுமார் 429 கோடி முகவரிகள். உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. கடைசி ஐந்து பெரிய தொகுதிகளை, உலகின் ஒவ்வொரு வட்டாரத்திலும் முகவரிகளைப் பங்கிடும் ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்குக்குக் கிடைத்தது 103 என்று தொடங்கும் தொகுதி. அந்த ஆண்டு ஏப்ரல் 15-இலிருந்து அங்கே ரேஷன். எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் அந்தத் தொகுதியிலிருந்து ஆளுக்கு 1,024 முகவரிகள்தான். 2019 பிப்ரவரியில் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள்.

அதே 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் லாரி வந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று பெரியவர் ஒருவர் நின்று எண்ணி விடுவார். மாடி வீடு, கூரை வீடு என்ற பேதம் இல்லை. கடைசியில் வந்தவருக்கும் தண்ணீர் மிஞ்சியது. 512 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. "தேவைப்படுகிறவர் கேட்டதை எடுத்துக்கொள்ளட்டும்" என்ற பழைய வழக்கம் தொடர்ந்திருந்தால், அந்தத் தொகுதி சில மாதங்களிலேயே நாலைந்து பெரிய நிறுவனங்களிடம் போய் முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதினோரு வருஷம் கழித்து வந்த எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தார்களே, அதற்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

விண்ணப்பிக்கும் முன்பே ஒரு தரகர் வந்தார். "எதுக்கு சார் பேப்பர் வேலையெல்லாம்? ரெடியா இருக்கு, வாடகைக்கு எடுத்துக்கோங்க" என்றார். முகவரி வியாபாரம் புதிதல்ல. திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011-இல் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஆனால் தரகர் காட்டிய தொகுதியைச் சோதித்தால் பாதி முகவரிகள் ஸ்பாம் பட்டியலில் இருந்தன. மீதி வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டியது. அதை வீட்டுக்குக் கொடுத்தால் கிரிக்கெட் ஆப் கூடத் திறக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தியாவுக்குள் இந்த முகவரிகளைப் பங்கிடுவது இந்திய தேசிய இணைய இணைப்பு மையமான நிக்ஸியின் கீழ் இயங்கும் ஐரின் என்ற பதிவகம். கம்பெனிப் பதிவு, சேவை உரிமம், யார் கையெழுத்துப் போடலாம் என்ற கடிதம் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்துவிட்டன. சிக்கல், ஓராண்டுக்குள் முகவரிகளை எப்படிச் செலவிடப் போகிறோம் என்ற திட்டத்தில். "1,400 சந்தாதாரர்கள் பயன்படுத்துவார்கள்" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினேன். விவரம் கேட்டுத் திரும்பி வந்தது. நியாயம்தான். அப்புறம் இரண்டு இரவு உட்கார்ந்து, ஒரு முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் நேட் கருவிக்கு 256, ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி கேட்கும் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் 128, சர்வருக்கும் இணைப்புகளுக்கும் 64, அடுத்து வில்லிவாக்கம் பக்கம் போவதற்கு 64 என்று பிரித்தேன். நெட்வொர்க் படம், எங்கள் பக்கம் ஃபைபர் லைன்களை இணைக்கும் ஓஎல்டி கருவி வாங்கிய பில் எல்லாவற்றையும் இணைத்தேன். எங்கள் நெட்வொர்க்கையே நான் முழுதாகப் புரிந்துகொண்டது அந்த இரண்டு இரவுகளில்தான். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

512 முகவரிகள் வந்தன, கூடவே எங்கள் நெட்வொர்க்கைத் தனி நெட்வொர்க்காக மற்றவர்களுக்கு அடையாளம் காட்டும் ஒரு ஏஎஸ் எண்ணும். இனி ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கலாம். முதல் நாளே ஒரு தவறு செய்தேன். இந்த முகவரிகளுக்கு வழி எங்களிடம்தான் என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்க வேண்டும்; அதை 256, 256 என்று இரண்டாகப் பிரித்து அறிவித்தேன். ஆனால் இந்த முகவரிகளை அறிவிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்டும் ஆர்ஓஏ பதிவை 512-க்கும் சேர்த்து ஒன்றாகப் போட்டு, அதைவிடச் சிறிய துண்டுக்கு அனுமதி தர மறந்துவிட்டேன். சரிபார்த்து ஏற்கும் நெட்வொர்க்குகள் எல்லாம் எங்களைப் போலி என்று தள்ளிவிட்டன. பாதி உலகம் தெரிந்தது, பாதி தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பதிவைத் திருத்திய பிறகுதான் சரியானது.

இப்போது ஒரு முகவரிக்குப் பின்னால் ஆறு வீடுகளுக்கும் குறைவு. ஆடிட்டருக்கும் அந்த அம்மாவுக்கும் தனி முகவரி கொடுத்தோம்.

உண்மையில் பெரிய விஷயம் 512 அல்ல. ஐபிவி4 வாங்குபவருக்கு, கேட்டால் புதிய முறையான ஐபிவி6-இன் தொகுதியும் சேர்ந்தே கிடைக்கும். எங்களுக்கு வந்தது /32 என்ற அளவு; கோட்டுக்குப் பின்னால் எண் சிறிதாக இருந்தால் தொகுதி பெரிது. வீட்டுக்கு /56 கொடுப்பது என்று முடிவெடுத்து எத்தனை வீட்டுக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். 1,67,77,216 வீடுகள். எண்ணைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. ஆசிய பசிபிக் முழுவதும் 2011-இலிருந்து பங்கிட்டுக்கொண்டிருக்கிற அந்த 103 தொகுதியில் இருக்கும் மொத்த முகவரிகளும் இதே 1,67,77,216தான். அங்கே ஒரு முகவரிக்கு வரிசை. இங்கே கொளத்தூரின் ஒரு சின்ன நிறுவனம் அத்தனை வீடுகளுக்கு, வீட்டுக்கு 256 தனித்தனி நெட்வொர்க் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொடுக்கலாம். ரேஷனில் வந்த 512, இந்தப் புதிய முறைக்குப் போய்ச் சேரும் வரை தாக்குப்பிடிக்க. அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிற சக நிறுவனங்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஐபிவி6-ஐத் திறந்துவிட்டதும் யூடியூப், கூகுள், ஃபேஸ்புக் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. நேட் கருவியின் சுமை கண்கூடாகக் குறைந்தது. இன்னும் ஐபிவி4-இல் மட்டுமே இயங்கும் தளங்களுக்காகப் பழைய முறையும் கூடவே ஓடுகிறது.

ஒரு வருஷம் கழித்து அதே தரகர் மறுபடி போன் செய்தார். "256 சும்மாதானே சார் இருக்கு, கை மாத்தி விடலாமா?" ஒன்றும் சும்மா இல்லை. 103 தொகுதியில் வாங்கியதை ஐந்து ஆண்டுகளுக்குக் கைமாற்ற முடியாது என்ற விதியையும் சொல்லி போனை வைத்தேன்.

சில வீடுகளில் ஃபைபர் வந்து சேரும் பழைய ஓஎன்யூ பெட்டிக்கு ஐபிவி6 தெரியாது. எங்கள் பையன்கள் தெருத் தெருவாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இந்த வாரம் பூம்புகார் நகர்.