நீலத் தாளும் 28 நாட்களும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடைத்தெருவில் நடப்பவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தாள் உண்டு. பப் கதவிலோ கடைக் கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும். வெளிர்நீல நிறம், குறைந்தது ஏ4 அளவு, கறுப்பு மை, எழுத்தின் அளவு 16க்குக் குறையக்கூடாது. இந்த இடத்தில் மது விற்கவும் இசை நடத்தவும் இத்தனை மணிவரை அனுமதி கேட்கிறார்கள், சொல்ல வேண்டியதை இந்தத் தேதிக்குள் உள்ளூர்க் கவுன்சிலுக்கு எழுதுங்கள் என்று அதில் இருக்கும். பெரும்பாலானோர் படிப்பதில்லை. கவுன்சிலின் உரிமப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உண்மையான மனவருத்தம். அந்த 28 நாட்களுக்குள் ஒருவரும் எழுதாவிட்டால், கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதைத் தவிரக் கவுன்சிலுக்கு வழியில்லை. விண்ணப்பத்தில் எழுதிய நிபந்தனைகளும் சட்டம் கட்டாயமாக்கிய நிபந்தனைகளும் மட்டுமே உரிமத்தில் ஏறும். 2012 முதல் உரிமப் பிரிவே தன் பெயரில் ஆட்சேபம் எழுதலாம். அதையும் அதே 28 நாட்களுக்குள்தான் எழுத வேண்டும்.

ஓராண்டு கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து, "இதற்கு எப்படி அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்பார். மூன்று கவுன்சிலர்கள் கூடி விவாதித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். யாரும் கூடவேயில்லை என்பதுதான் பதில்.

2005 நவம்பர் 24க்கு முன்பு மது உரிமத்தை மாஜிஸ்திரேட்டுகள் கொடுத்தார்கள், பொதுக் கேளிக்கை உரிமத்தைக் கவுன்சில் கொடுத்தது. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது எல்லாம் கவுன்சிலின் கைக்கு வந்தன: மது விற்பனை, இசை, நடனம், சினிமா, கூடவே இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை சூடான உணவும் பானமும் விற்பது. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சொட்டு மதுவும் விற்காத கொத்துரொட்டிக் கடை இரவு 11 மணிக்கு மேல் தட்டத் தொடங்கினால் அதற்கும் உரிமம் வேண்டும். முடிவு எதுவானாலும் நான்கு நோக்கங்களுக்குள் நிற்க வேண்டும்: குற்றமும் கலவரமும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். ஐந்தாவது கிடையாது.

அதனால்தான் உழைத்து எழுதிய பல கடிதங்கள் வீணாகின்றன. "இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடை இருக்கிறது, ஐந்தாவது எதற்கு?" என்பது தேவை பற்றிய வாதம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. வீட்டு விலை விழும், என் வியாபாரம் படுக்கும் என்பவையும் அப்படித்தான். ஆனால் அதே மனிதர், "இரவு 11.40க்கு என் படுக்கையறைக்குக் கீழே ஆட்கள் நின்று சத்தம் போடுகிறார்கள். ஜூன் மாதம் நான்கு சனிக்கிழமைகளும் நடந்தது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரைமணி நேரம்" என்று எழுதினால் அது கனம் உள்ள கடிதம். தேதி, நேரம், எவ்வளவு நேரம், வீட்டின் எந்த அறை: நான்கும் போதும். 50 பேர் கையெழுத்திட்ட ஒரே மாதிரித் தாளைவிட இப்படிப்பட்ட ஒரு கடிதத்துக்கு, விசாரித்து முடிவெடுக்கும் மூன்று கவுன்சிலர் துணைக்குழு அதிகம் செவிசாய்க்கும். மேசையில் உண்மையிலேயே எடைபோடக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

விண்ணப்பிப்பவர் பக்கத்துத் தவறுகள் வேறு மாதிரி. கட்டணம் இடத்தின் வணிக வரி மதிப்பை (rateable value) பொறுத்தது: மதிப்பு 4,300 பவுண்டு வரை என்றால் 100, அதற்கு மேல் 33,000 வரை 190, 1,25,000க்கு மேல் 635. 2005இல் வைத்த தொகைகள் இவை. கட்டணத்தில் யாரும் தடுமாறுவதில்லை, தடுமாறுவது அறிவிப்பில். நீலத் தாள் விண்ணப்பம் கொடுத்த மறுநாள் முதல் தொடர்ந்து 28 நாட்கள் வெளியிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருமுறை விளம்பரம் வர வேண்டும். பெரிய இடம் என்றால் சாலையை ஒட்டிய சுவர் நெடுக 50 மீட்டருக்கு ஒரு தாள். ஷட்டரின் உட்புறம் ஒட்டிவிட்டுப் பகலில் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள். தாள் சுருளோடு மேலே போய்விடும். அல்லது விளம்பரத்தில் கடைசித் தேதி ஒன்றாகவும் தாளில் வேறாகவும் இருக்கும். ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். கடைக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னும் ஒரு மாதம் என்பது சிறிய அடி அல்ல.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். ஒரு நிபந்தனை எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை யார், எப்போது, எதை வைத்துச் சரிபார்ப்பார்? இட உரிமத்துக்குப் பொதுவாக முடிவுத் தேதி கிடையாது. இன்று எழுதும் வாக்கியம் கடை மூன்று கை மாறியபிறகும் அங்கேயே இருக்கும். "வாடிக்கையாளர்கள் அமைதியாகக் கலைந்துசெல்வதை நிர்வாகம் உறுதிசெய்யும்" என்ற வாக்கியம் நூற்றுக்கணக்கான உரிமங்களில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். மீறப்பட்டதா இல்லையா என்று நீதிமன்றத்தில் யாராலும் நிரூபிக்க முடியாது. மாறாக, "இரவு 10 மணிக்குமேல் முன்வாசலில் புகைபிடிக்க ஒரே நேரத்தில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது, அவர்கள் கையில் பானம் இருக்கக்கூடாது" என்று எழுதினால், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தே எண்ணிவிடலாம். செக்யூரிட்டியில் நிற்பவருக்கும் தன் வேலை என்னவென்று தெரியும்.

சத்தம் பற்றிய நிபந்தனைகளில்தான் ஆசையும் நடைமுறையும் அதிகம் விலகிப்போகின்றன. "இரவு 10 மணிக்குப் பிறகு கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும்" என்று சுலபமாக எழுதிவிடலாம். உள்ளே ஏசி இல்லாத பழைய கட்டடத்தில், 150 பேர் நிற்கும் ஜூலை மாத இரவில், அந்தக் கதவு மூடியிருக்காது. காற்றோட்டத்துக்கு வழி செய்தபிறகே இந்த வாக்கியம் உயிர்பெறும். அடுத்தது லிமிட்டர், அதாவது ஒலி வைத்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி. சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி வந்து, பக்கத்து வீட்டுக்குள் நின்று கேட்டு, அளவு வைத்து முத்திரையிட்டுப் போவார். அடுத்த வாரம் டிஜே தன் சொந்த ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் செருகுவார். லிமிட்டர் மூலையில் சும்மா இருக்கும். எனவே "பெருக்கிய ஒலி அனைத்தும் லிமிட்டர் வழியாகவே செல்ல வேண்டும்" என்ற வரி இல்லாமல் லிமிட்டர் நிபந்தனை எழுதக்கூடாது. அளவு வைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமான டெசிபெல் அளவீடு காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அடிநாதத்தை (bass) குறைத்துக் காட்டும். சுவரையும் தரையையும் தாண்டி வந்து தூக்கத்தைக் கெடுப்பது அந்த அடிநாதம்தான், 63, 125 ஹெர்ட்ஸ் பட்டைகளில் இருப்பது. மீட்டரில் எண் சரியாக இருக்கும்; மேல்மாடியில் கட்டில் அதிரும். அந்தப் பட்டைகளைத் தனியே அளக்காத அறிக்கையை நம்பி நேரத்தை நீட்டிக் கொடுத்த இடங்களில் புகார் நிற்பதேயில்லை.

இவ்வளவு கவனமாக எழுதியபிறகும் ஒன்று மறக்கப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமும் 2015இல் வந்த தளர்வும் சேர்ந்து, அங்கேயே குடிக்க மது விற்கும் உரிமம் உள்ள இடத்தில், காலை 8 முதல் இரவு 11 மணிவரை, 500 பேர்வரை கேட்கும் இசைக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கிவிட்டன. அந்த நேரத்தில் இசை பற்றிய நிபந்தனைகளும் செல்லாது. மறுபரிசீலனை விசாரணை நடத்தி அவற்றை மீட்டெடுக்கலாம். அதுவரை அவை தாளில் மட்டும் இருக்கும். சின்ன இசைக்குழுக்களுக்கு இந்தத் தளர்வு பெரிய வாசலைத் திறந்தது, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் விசாரணை அறையில் கவுன்சிலரும் குடியிருப்பாளரும் மாலை 8 மணிப் பாட்டுக்கு நிபந்தனை போட்டுவிட்டதாக நம்பி வெளியே போவது சரியல்ல. அதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பாட்டில் கடைகளில், அதாவது ஆஃப் லைசென்ஸில், சிக்கல் கேமரா. லண்டனில் இந்தக் கடைகள் பலவற்றைத் தமிழர்கள் நடத்துகிறார்கள் என்பதால் விரித்தே சொல்லலாம். பதிவுகளை 31 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா உரிமத்திலும் இருக்கும். தொடங்கும்போது 4 கேமரா, அதற்கேற்ற டிஸ்க். பிறகு திருட்டுக்குப் பயந்து 8 ஆக்குவார்கள், டிஸ்க் அதேதான். 31 நாள் 15 ஆகச் சுருங்கும். போலீஸ் கேட்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. கோடைகால நேரம் மாறும்போது ரெக்கார்டரின் கடிகாரம் மாறாமல் ஒருமணி நேரம் பிந்தி ஓடும். பாஸ்வேர்ட் முதலாளிக்கு மட்டும் தெரியும். அவர் ஊருக்குப் போயிருப்பார். நிபந்தனையை மீறி மது விற்றால் அது உரிமம் இல்லாமல் விற்ற குற்றமாகவே கருதப்படும்: வரம்பில்லாத அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மாதம் ஒருமுறை 30 நாட்களுக்கு முந்தைய ஒரு பதிவை எடுத்துப் பார்த்து, தேதிபோட்டுக் குறித்து வைப்பது 5 நிமிட வேலை. வயது கேட்டு மறுத்த விற்பனைகளைக் குறிக்கும் புத்தகமும் அப்படியே. மூன்று மாதப் பக்கம் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரம்பியிருந்தால் சோதனைக்கு வருபவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஆட்சேபம் வந்து, பேச்சில் தீராவிட்டால் 28 நாள் முடிந்தபின் 20 வேலை நாட்களுக்குள் விசாரணை. 10 முதல் 15 பேர் கொண்ட உரிமக் குழுவிலிருந்து 3 கவுன்சிலர்கள் அமர்வார்கள். எல்லாத் தரப்புக்கும் ஒரே அளவு நேரம். இங்கே அதிகம் நடக்கும் ஏமாற்றம், போனில் வீடியோவோடு வருவது. விசாரணைக்கு முன்பே கொடுக்காத ஆவணத்தை எதிர்த்தரப்பு உட்பட எல்லோரும் சம்மதித்தால்தான் அங்கே காட்டமுடியும். எதிர்த்தரப்பு எதற்குச் சம்மதிக்கும்? ஆகவே கடிதத்தோடேயே அனுப்பிவிட வேண்டும்.

முடிவை எழுதுவது பேசுவதைவிடக் கடினம். 2008இல் லிவர்பூலுக்கு அருகிலுள்ள விர்ரல் (Wirral) பகுதிப் பப் ஒன்றின் வழக்கில் உயர் நீதிமன்றம், போலீஸ் எதிர்க்காதபோது வெறும் அச்சத்தை வைத்து மேல்முறையீட்டை விசாரித்த மாஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்ததை ரத்து செய்தது. 2011இல் சோஹோ பப் ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலின் முடிவை எதிர்த்து நடத்திய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்தது. காரணங்கள் எவ்வளவு முழுமையாகவும் தெளிவாகவும் இருக்கின்றனவோ அவ்வளவு கனம் அந்த முடிவுக்கு என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேலை புரியும். "குடியிருப்பாளர்களின் கவலைகளைக் கருத்தில் கொண்டோம்" என்ற ஒரு வரியோடு நேரத்தை 2 மணியிலிருந்து 12ஆக வெட்டிய முடிவு, 21 நாட்களுக்குள் போடும் மேல்முறையீட்டில் தாங்காது. எந்தக் கடிதத்தை நம்பினோம், ஏன், 2 மணி ஏன் கூடாது, 12 ஏன் கூடும் என்று எழுத ஒரு பக்கம் கூடுதலாகும். நான்கு மணிநேரம் உட்கார்ந்த களைப்பில் அந்த ஒரு பக்கம்தான் விடுபடுகிறது.

கலியாணம், கோவில் நிதிக்கான இராவிருந்து, பழைய மாணவர் சங்கக் கூட்டம் எல்லாம், அங்கே மது விற்பதானால், தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக்குள் (Temporary Event Notice) வரும். பேச்சில் இதை 'டென்' என்பார்கள். கட்டணம் 21 பவுண்டு. 10 முழு வேலை நாட்கள் முன்பே கொடுக்க வேண்டும், கொடுக்கும் நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் சேராது. 5 முதல் 9 வேலை நாட்களுக்கு முன் கொடுப்பது தாமத அறிவிப்பு. அதில் போலீஸோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணையே இல்லாமல் நிகழ்ச்சிக்கான அனுமதி போய்விடும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவருக்கு இதைப் போனில் சொல்வது கொடுமையான வேலை. 499 பேர் என்ற எல்லை விருந்தாளிகளுக்கு மட்டுமல்ல. பரிமாறுபவர், தவில்காரர், வீடியோ எடுப்பவர் எல்லோரும் அந்த எண்ணுக்குள்தான். மதுவை இலவசமாகக் கொடுத்தால் விற்பனை இல்லை. ஆனால் 40 பவுண்டு டிக்கெட்டில் சாப்பாட்டோடு மதுவும் அடக்கம் என்று நோட்டீஸில் போட்டால் அது விற்பனை. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு, 500 பேர்வரை, இரவு 11 மணிக்குள் என்றால் நடனத்துக்காக எந்த உரிமமும் வேண்டாம். இடைவேளையில் ஒரு கவுண்டர் போட்டு வைன் விற்றால் வேண்டும்.

கடை வாங்குபவர்கள் செய்யும் ஒரு பிழை மற்ற எல்லாவற்றையும்விட நெஞ்சை உறுத்துகிறது, ஏனென்றால் அதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. உரிமம் ஒரு கம்பெனி பெயரில் இருக்கும். விற்றவர் தன் வேலை முடிந்ததென்று கம்பெனியைக் கலைத்துவிடுவார், அல்லது கணக்கு கொடுக்காததால் அரசுப் பதிவேட்டிலிருந்து அது நீக்கப்படும். அன்றே உரிமம் காலாவதி. 28 நாட்களுக்குள் இடைக்கால அறிவிப்போ பெயர் மாற்ற விண்ணப்பமோ கொடுத்தால் காப்பாற்றலாம், 23 பவுண்டு செலவு. வாங்கியவருக்கு விஷயமே தெரியாது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் உரிமத்தின் சுருக்கத் தாள் தொங்கிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் நல்ல மனதோடு விற்றுக்கொண்டிருப்பார். கடை வாங்கும் நாளிலேயே பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தால் அது கொடுத்த நொடியிலிருந்து இடைக்காலமாகச் செல்லும். 28 நாள் கடந்துவிட்டால் அதிகாரி செய்யக்கூடியது எதுவுமில்லை. அலமாரியை மூட வேண்டும், புது விண்ணப்பம் போட வேண்டும், கண்ணாடியில் நீலத் தாள் ஒட்டி மறுநாளிலிருந்து எண்ண வேண்டும்.