முள் 3000-இல் நின்றது: எம்ஜிபியின் பழைய டேக்கோ, புதிய இன்ஜின்

நேற்று இரவு லேப்டாப்பில் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) 3000 ஆர்பிஎம் காட்டியது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர், டேஷ்போர்டில் இருந்த ஸ்மித்ஸ் டேக்கோ, அதுவும் 3000 காட்டியது. ஆக்ஸிலரேட்டரை விட்டேன், இரண்டும் சேர்ந்தே இறங்கின. இதற்காக நான்கு மாதம் காத்திருந்தேன். சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி எம்ஜிபி மார்க் 2, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பழைய பி-சீரிஸ் இன்ஜின் போய், ஜப்பானிய 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் வந்துவிட்டது. மவுண்ட், வயரிங் எல்லாம் முடிந்த கதை. மீட்டர்களை மட்டும் மாற்றவே கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். புது டிஜிட்டல் டிஸ்ப்ளே ஒன்றை வைத்தால் ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் அந்தக் கறுப்பு டயலும் வெள்ளை முள்ளும் போய்விட்டால் உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதில் எனக்கு என்ன இருக்கிறது?

என் டயலில் ஆர்விஐ என்று இருக்கிறது, அதாவது கரண்டை உணரும் வகை. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயர் டேக்கோவின் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகும். ஒவ்வொரு தீப்பொறிக்கும் அந்தக் கரண்டு ஏறி இறங்குவதை உள்ளே இருக்கும் சர்க்யூட் ஒரு பல்ஸாக மாற்றி முள்ளைத் தள்ளுகிறது. பழைய இன்ஜினில் ஒரே காயில், ஒரு சுழற்சிக்கு இரண்டு தீப்பொறி. புதிய இன்ஜினில் இரண்டு காயில்கள். ஒவ்வொன்றும் சுழற்சிக்கு ஒருமுறைதான் சுடும். ஒரு காயிலின் வயரை மட்டும் சுற்றியபோது முள் சரியாகப் பாதி காட்டியது. சரி, இரண்டுக்கும் பொதுவான வயரைச் சுற்றினேன். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) அழகாக நின்றது. 2500-ஐத் தாண்டியதும் 4000-க்குத் தாவி அங்கேயே ஆடியது. சுற்றின் எண்ணிக்கையை மாற்றியும் பலன் இல்லை.

அப்புறம்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, முள்ளை நகர்த்தும் காயிலை மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். அதற்கு எல்எம் 2917 ஐசி. அதிர்வெண்ணை வோல்டேஜாக மாற்றித் தரும், டேக்கோவுக்கென்றே பிறந்த மாதிரி. முதலில் வாங்கிய எட்டுக் கால் ஐசிகளில் இரண்டு செத்தே வந்தன. மலிவு விலைக்கு ஆசைப்படாமல், பெரிய மின்னணு விநியோகஸ்தர்களிடம் வாங்குங்கள். ஒரு ஐசிக்காகப் போகும் நேரம் அதன் விலையைவிடப் பெரிது.

பெசலை, அதாவது டயலின் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தை, கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ரப்பரில் ஒட்டியிருக்கும் வளையத்தைக் கையால் திருகி, காதுகளைப் பள்ளங்களுக்கு நேராகக் கொண்டுவந்தால் தானாக வரும். முள்ளைத் தொடவே வேண்டாம்.

கணக்கு எளிது. ஐசியின் உள்ளே வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஜீனர் டயோடு 7.56 வோல்ட். அதோடு அதிர்வெண், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றையும் பெருக்கினால் வெளிவரும் வோல்டேஜ். நான் 100 கிலோஓம், 0.022 மைக்ரோஃபாரட் போட்டேன். 6000 ஆர்பிஎம் என்றால் 200 ஹெர்ட்ஸ், வெளியே சுமார் 3.3 வோல்ட். அதற்குப் பின் ஒரு டிரிம்மர் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) வழியாக முள் காயில். டிரிம்மரை எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு மீட்டருக்கும் மாறும். 0.022 கெப்பாசிட்டர் கட்டாயம் ஃபிலிம் வகையாக இருக்க வேண்டும். சாதாரண செராமிக் போட்டால் டேஷ்போர்டு சூட்டில் அளவு மாறி, முள்ளும் அதோடு நகரும். முள்ளை அமைதிப்படுத்தும் கெப்பாசிட்டரில் மூன்று அளவு மாற்றிப் பார்த்தேன். 1 மைக்ரோஃபாரடில் ஐடிலில் நடுங்கியது. 10-இல் ஆக்ஸிலரேட்டர் மிதித்து ஒரு வினாடி கழித்துத்தான் நகர்ந்தது. 2.2 போட்டதும் பழைய ஸ்மித்ஸ் நடை அப்படியே வந்துவிட்டது.

அளவு திருத்த சிக்னல் ஜெனரேட்டர் தேவையில்லை. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் நான்கு சிலிண்டர் டேக்கோவில் அது 1500 ஆர்பிஎம். அலையின் கீழ்ப் பாதியையும் மேலே திருப்பும் பிரிட்ஜ் டயோடு வழியாக விட்டால் 100 ஹெர்ட்ஸ், 3000 ஆர்பிஎம். மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1800, 3600.

இங்கேதான் நான் மூன்று வாரம் சிக்கினேன். மேசையில் 1500 கச்சிதமாக வந்தது. பிரிட்ஜ் போட்டால் முள் அசையவில்லை. டயோடு கெட்டது என்று மாற்றினேன், மறுபடியும் அசையவில்லை. 1500 சரியாக இருக்கிறதே என்று அப்படியே வண்டியில் மாட்டினேன். இசியூவின் டேக்கோ வயரை இணைத்தேன். முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. அந்த வயருக்கு 12 வோல்ட் பக்கம் 1 கிலோஓம் புல்-அப் (வோல்டேஜை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) தேவை என்பது தெரிந்ததுதான், அதையும் போட்டிருந்தேன். மல்டிமீட்டர் சிக்னல் இருப்பதாகவே சொன்னது. எர்த், வயர், சாலிடர் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

விடை மேசையிலேயே கிடந்தது. எட்டுக் கால் ஐசியில் உள்ளீட்டின் ஒரு பக்கம் உள்ளேயே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. சிக்னல் பூஜ்யத்துக்கு மேலே போய், பூஜ்யத்துக்குக் கீழேயும் வந்தால்தான் அது ஒரு துடிப்பாக எண்ணும். டிரான்ஸ்ஃபார்மர் ஏசி கீழே போகிறது. பிரிட்ஜுக்குப் பின் வரும் சிக்னல் கீழே போகாது. இசியூவின் சதுர அலையும் 0-இலிருந்து 12 வரைதான். வண்டியிலும் மேசையிலும் ஒரே பிழை! தொடரில் ஒரு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதன் பின் எர்த்துக்கு 22 கிலோஓம். அவ்வளவுதான். சிக்னல் பூஜ்யத்தின் இரு பக்கமும் ஆட ஆரம்பித்தது, முள் எழுந்தது. 14 கால் ஐசி வாங்கினால் உள்ளீட்டின் இரண்டு முனையும் வெளியே இருக்கும். அதில் இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்க்கலாம்.

மீதி இருந்தது 4500-க்கு மேல் வந்த ஒரு துள்ளல். அது இக்னிஷன் இரைச்சல். கெப்பாசிட்டருக்கு முன்னால் 10 கிலோஓம், எர்த்துக்கு 0.01 மைக்ரோஃபாரட் வைத்ததும் அடங்கியது.

மற்றவை சுருக்கமாக. ஃபியூவல் மீட்டர் டேங்க் மாறாததால் தானாகவே வேலை செய்தது. மீட்டர்களுக்குப் போகும் வோல்டேஜை நிலைப்படுத்தும் பழைய பைமெட்டல் ஸ்டெபிலைசருக்குப் பதில் 7810 ரெகுலேட்டர் வைத்ததில் காட்டும் அளவு நிலையானது. ஆயில் பிரஷரும் டெம்பரேச்சரும் ஒரே டயலில் உள்ள வகை என்னுடையது. ஆயில் குழாய்க்கு ஜப்பானிய பிளாக்கில் 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் தரக் குழாய் மரை), அங்குலத்துக்கு 28 மரை. கையில் இருந்த அடாப்டர் 1/8 என்பிடி (அமெரிக்கத் தரம்), அங்குலத்துக்கு 27. இரண்டு சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பிளாக் போகும். சரியான அடாப்டரை லேத்தில் கடைந்து வாங்கினேன். டெம்பரேச்சருக்கு ஈத்தர் அடைத்த மெல்லிய குழாய். ஒருமுறை மடங்கி உடைந்தால் மீட்டரே செத்தது. அதன் குமிழைத் தண்ணீர் ஓடாத மூலையில் வைத்தேன், எப்போதும் குறைவாகவே காட்டியது. மேல் ஹோஸில் ஒரு டீ பைப் வைத்து அங்கே மாற்றியதும் தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் முள் மெல்ல அசைவதைப் பார்க்க முடிகிறது.

ஸ்பீடோ இன்னும் ஆகவில்லை. டயலில் 1280 என்று இருக்கிறது: ஒரு மைலுக்குக் கேபிள் 1280 சுற்று, அதாவது 60 மைல் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1280 சுற்ற வேண்டும். புதிய கியர்பாக்ஸில் கேபிளே கிடையாது, எலக்ட்ரானிக் சென்சார்தான். கேபிள் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: பின்சக்கரம் ஆறு சுற்று சுற்றும்போது கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, 1680-ஆல் பெருக்கி, அச்சிலிருந்து தரை வரையுள்ள அங்குலத்தால் வகுத்தால் தேவையான எண் வந்துவிடும். எனக்கு அதே ஆறு சுற்றில் சென்சார் பல்ஸ்களை எண்ண வேண்டும், பின் கேபிளைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார் பெட்டி. ஸ்டெப்பர் மோட்டாரும் டிரைவரும் வந்து மேசையில் இருக்கின்றன. அதற்கு முன் டேக்கோ பெசலின் பழைய ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். கண்ணாடியை இன்னும் மாட்டவில்லை; டயல் திறந்தே இருக்கிறது, தூசி படியாமல் மேலே ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன்.